பி.ஆர். இன்டர்னாகச் சேரப் போகிறீர்களா? முதலில் தமிழ் பேப்பரைப் படியுங்கள்

போன வாரம் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இன்டர்ன், தர்மபுரிப் பக்கத்துப் பெண், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது டிபன் பாக்ஸைத் திறக்காமலே கேட்டாள். "அக்கா, இங்க எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசிக்கிறாங்க. எனக்கு அவ்வளவா வராது. நான் இந்த வேலைல நிக்க முடியுமா?"

2015 ஜூனில் சாத்தூரிலிருந்து வந்து நுங்கம்பாக்கத்தில் ஒரு பி.ஆர். ஏஜென்சியில், அதாவது கம்பெனிகளுக்காகப் பத்திரிகைகளோடு பேசும் மக்கள் தொடர்பு ஆபீஸில், உட்கார்ந்த முதல் வாரம் எனக்கும் இதே கேள்வி இருந்தது, யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. அதனால் அவளுக்கு ரொம்ப நேரம் பதில் சொன்னேன். சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மே, ஜூன் வந்தால் விஸ்காம், ஜர்னலிசம், பி.ஏ. தமிழ் என்று படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதே பயம்தான், அதிலும் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதலாகவே.

இங்கிலீஷ் வேண்டும், இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் நாலு மெயில் எழுதினால் ஆறு மாதத்தில் வேலைக்கு வேண்டிய அளவு வந்துவிடும். ஆனால் சென்னையில் நான் பார்த்த பி.ஆர். ஆபீஸ்களில் ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தது தமிழ் நாற்காலிதான். இங்கிலீஷில் அழகாகப் பேசுகிறவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், ஒரு தமிழ் நாளிதழின் உதவி ஆசிரியர் கை வைக்காமல் அச்சுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு செய்திக் குறிப்பைத் தமிழில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிசயம். அந்த ஒருவராக நீங்கள் ஆகிவிட்டால், இன்டர்ன்ஷிப் முடிகிற நாளில் உங்களை அனுப்ப அவர்களுக்கு மனசு வராது.

வீட்டில் இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் "பி.ஆர்.ஓ.வா? சினிமாவிலயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார். தப்பில்லை, நம் ஊரில் அந்த வார்த்தையே சினிமா வழியாகத்தான் பழகியது. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படுகிற ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1958-இல் வந்த நாடோடி மன்னன் படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் இந்த வேலைக்குள் வந்தார். எந்தப் படம், எந்தத் தேதி, யார் யார் வேலை செய்தார்கள் என்று அவர் பல வருஷமாகச் சேர்த்து வைத்த தகவல்கள் பின்னாளில் தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்களுக்கே ஆதாரமாக ஆகின. அவரிடம் கேட்டால் சரியான தகவல் கிடைக்கும் என்ற பெயர் இருந்தது பாருங்கள், அந்தப் பெயரைத்தான் இன்டர்னாக இருக்கும் காலத்திலேயே சம்பாதிக்கத் தொடங்க வேண்டும்.

சரி, முதல் நாள் என்ன வேலை கொடுப்பார்கள்? காலையில் பேப்பர் பார்க்கச் சொல்வார்கள். கிளையன்ட் பெயர் எங்கே வந்திருக்கிறது, போட்டிக் கம்பெனி பெயர் எங்கே வந்திருக்கிறது என்று தேடி, வெட்டி, தேதியும் பக்கமும் எழுதி, பத்து மணிக்குள் மெயில் அனுப்ப வேண்டும். நான் சேர்ந்தபோது கத்தரிக்கோல், பசை, ஏ4 தாள். இப்போது இ-பேப்பர், ஸ்கிரீன்ஷாட். பல இன்டர்ன்கள் இதைக் கிளார்க் வேலை என்று நினைத்து, பெயரை மட்டும் தேடிவிட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த வேலையின் பாடப்புத்தகமே அதுதான், தினமும் புதிதாக அச்சாகி வருகிறது.

பெயரைத் தேடும்போதே மற்றதையும் பாருங்கள். மருத்துவச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது, யார் பெயரில் வருகிறது, சென்னைப் பதிப்பில் வந்தது கோவை, மதுரைப் பதிப்பில் வந்திருக்கிறதா, தலைப்பு எத்தனை வார்த்தை, முதல் பத்தியில் என்ன சொன்னார்கள். ஒரு மாதம் இப்படிப் படித்தால் ஒவ்வொரு பேப்பரின் குரலும் காதில் கேட்க ஆரம்பித்துவிடும். 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்று வாக்கியங்களைச் சின்னதாக்கினார், இன்றைக்கும் அந்தப் பேப்பரில் நீள வாக்கியம் தேடித்தான் பார்க்க வேண்டும். தினமணியின் நடை வேறு, கொஞ்சம் நிதானமான, வடமொழியும் ஆங்கிலமும் குறைத்த நடை. 2013-இல் வந்த இந்து தமிழ் நாளிதழ், இணைப்பிதழ்களுக்கு நிறைய இடம் கொடுக்கிறது, அங்கே ஒரு மருத்துவர் கட்டுரையாகவே எழுதலாம். ஒரே குறிப்பை இந்த மூன்றுக்கும் அப்படியே அனுப்புவது, மூன்று வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரே பத்திரிகையை அச்சடித்துக் கொடுப்பது மாதிரி.

நான் அதிகம் சொல்ல நினைப்பது அந்தக் குறிப்பைப் பற்றித்தான்.

பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் கிளையன்ட்டின் தலைமை அலுவலகம் இங்கிலீஷில் ஒரு பிரஸ் ரிலீஸ் எழுதி அனுப்பும். அதைத் தமிழாக்க வெளியில் யாருக்காவது பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவார்கள். வந்ததை ஆபீஸில் யாரும் படிக்க மாட்டார்கள். நான் சேர்ந்த இரண்டாவது மாதம் என் கைக்கு அப்படி ஒரு தாள் வந்தது. "தொழில்துறையில் முன்னணி வகிக்கும், நோயாளி மைய அணுகுமுறையால் உந்தப்படும் இந்நிறுவனம் தனது சமீபத்திய சலுகையை அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறது." சலுகை என்று படித்ததும் ஏதோ தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இங்கிலீஷைப் பார்த்தால் அவர்கள் சொன்னது 'ஆஃபரிங்', அதாவது புதிதாகத் தொடங்கிய ஒரு சேவை. தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு இனி இரவு முழுவதும் இயங்கும், அவ்வளவுதான் செய்தி. அது தாளின் மூன்றாவது பத்தியில் ஒளிந்திருந்தது.

என் சீனியர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், "உனக்குப் புரியலன்னா அந்த டாக்டருக்கே போன் போட்டுக் கேளு" என்றார். இன்டர்ன் போய் டாக்டரிடம் பேசுவதா என்று கை நடுங்கியது. பேசினேன். இரண்டே கேள்விதான் கேட்டேன். ராத்திரியில் யார் சார் வருவாங்க? அவர் சொன்னார்: "பகல்ல வேலைக்குப் போறவங்கம்மா. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வரணும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுக்கணும். பகல்ல வந்தா அன்னைக்குச் சம்பளம் போச்சு. அதுக்காகவே பாதியில நிறுத்திடறாங்க." இப்போது எந்த மாதிரி ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர், கடையில் நிற்கிறவர், ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் என்று சொல்லிக்கொண்டே போனார்.

போனை வைத்துவிட்டு முதல் வரியை இப்படி எழுதினேன்: "வேலைக்குச் செல்லும் சிறுநீரக நோயாளிகள் சம்பளத்தை இழக்காமல் சிகிச்சை பெறுவதற்காக, தாம்பரம் அருகே இரவு நேர டயாலிசிஸ் பிரிவு தொடங்கப்பட்டுள்ளது." பிறகு நேரம், எத்தனை படுக்கை, எவ்வளவு கட்டணம், யாரைத் தொடர்புகொள்வது. டாக்டர் சொன்ன அந்தச் சம்பளம் போகும் விஷயம், மேற்கோளாக. பெருமகிழ்ச்சியும் முன்னணியும் கடைசிப் பத்திக்குப் போயின. மறுநாள் நான்கு தமிழ் நாளிதழ்களில் வந்தது, இரண்டில் என் முதல் வரி எழுத்து மாறாமல். அந்த வாரம் முழுக்க அந்த இரண்டு கட்டிங்கையும் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

ஆக, குறிப்பு எழுத உட்காரும் முன்னால் ஒருவருக்காவது போன் போடுங்கள். கிளையன்ட் அனுப்பிய தாளில் கம்பெனி இருக்கும், மனுஷர் இருக்க மாட்டார். அவரைத் தேடி எடுத்து முதல் பத்தியில் வைப்பதுதான் உங்கள் வேலை.

தமிழில் எழுதும்போது இன்னும் சில சங்கடங்கள் இருக்கின்றன, யாரும் சொல்லித் தர மாட்டார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், மெயிலின் உள்ளேயே செய்தியை ஒட்டுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அந்தப் பக்கம் திறக்கும்போது வெறும் குறிகளாகத் தெரியும், அதை உட்கார்ந்து திரும்ப அடிக்க எந்த நிருபருக்கும் நேரம் இல்லை. பி.டி.எஃப். மட்டும் அனுப்பினாலும் அப்படித்தான், அதிலிருந்து தமிழை நகல் எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிப்போய் நிற்கும். புகைப்படத்தை மெயிலில் தனியாக இணைத்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாகத் தமிழில் எழுதுங்கள்.

அப்புறம் பெயர்கள். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கிளையன்ட்டின் நிறுவனர் பெயர் இங்கிலீஷில் 'எல்' எழுத்தோடு வந்திருந்தது. அது ல-வா, ள-வா, ழ-வா என்று கேட்காமல் எனக்குத் தோன்றியதை எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று பேப்பரில் அப்படியே வந்துவிட்டது, தலைப்பெழுத்தும் சேர்ந்து தப்பு. எழுபது வயதுக்காரர், தன் பெயர் பேப்பரில் வந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார், அப்புறம்தான் பார்த்திருக்கிறார். காலை ஏழரைக்கு அவர் மகன் போன் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவிடம் உடனே போய், நான்தான் கேட்காமல் எழுதினேன், அவர்கள் அனுப்பிய தாளில் தப்பில்லை என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்று பேப்பருக்கும் பேசித் திருத்தம் கேட்டோம், ஒன்றில் வந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு இன்று வரை எந்தப் பெயரையும் அவரவர் கையால் தமிழில் எழுதி வாங்காமல், குறைந்தது வாட்ஸ்அப்பில் தமிழில் அடித்து வாங்காமல், நான் அனுப்பியதில்லை. தப்பு நடந்தால் முதல் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். பத்து நிமிஷத்தில் சொன்னால் திருத்தலாம், சாயங்காலம் தெரிந்தால் அச்சாகிவிடும்.

நிருபர்களுக்குப் போன் செய்வது அடுத்த பயம். இன்டர்னிடம் அறுபது பெயர் கொண்ட ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து "ஃபாலோ-அப் பண்ணு" என்பார்கள். நான் முதல் நாள் எல்லோரிடமும் "சார், மெயில் வந்துச்சா?" என்றே கேட்டேன். பதினைந்தாவது ஆள், ஒரு மூத்த நிருபர், கோபமில்லாமல் சொன்னார்: "ஏம்மா, மெயில் அனுப்பினா வரத்தான் செய்யும். அதுல எனக்கு என்ன இருக்குன்னு சொல்லு." அவர் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியவில்லை. அதன் பிறகு போன் எடுக்கும் முன்னால், இவர் கடைசியாக என்ன எழுதினார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். "சார், போன வாரம் அரசு மருத்துவமனையில டயாலிசிஸுக்குக் காத்திருக்கிறவங்களைப் பத்தி எழுதியிருந்தீங்க, அது சம்பந்தமா ஒரு விஷயம் இருக்கு, ஒரு நிமிஷம் சொல்லவா?" இப்படி ஆரம்பித்தால் போனை வைத்துவிடுபவர்கள் ரொம்பக் குறைவு. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பேசலாம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் அவர்கள் செய்தி அடிக்கிற நேரம், தலை போகிற விஷயம் இல்லையென்றால் தொந்தரவு செய்யாதீர்கள். லிஸ்ட்டில் இருக்கும் பீட், அதாவது எந்த நிருபர் எந்தத் துறையைப் பார்க்கிறார் என்ற விவரம், பழையதாக இருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். யார் மாறினார்கள் என்று நீங்களே திருத்தி வைத்தால் முழு ஆபீஸும் உங்களிடம்தான் வந்து கேட்கும்.

பிரஸ் மீட் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சேப்பாக்கம் பிரஸ் கிளப்பாக இருந்தாலும் தி.நகர் ஹோட்டலாக இருந்தாலும் ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். போட்டோகிராபர்கள் முதலில் வந்து முதலில் போக வேண்டியவர்கள், அவர்களுக்கு அடுத்த இடம் காத்திருக்கும், ஆகவே படம் எடுக்கும் நிகழ்ச்சியை முதல் பத்து நிமிஷத்தில் வைக்கச் சொல்லுங்கள். மேஜையில் பெயர்ப் பலகை தமிழிலும் இருக்கட்டும். டி.வி.க்காரர்கள் கேட்கும் பைட்டை, அதாவது கேமரா முன்னால் பேசும் சில வரிகளை, தமிழில் கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறாரா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், இதை மறந்துவிட்டு வடநாட்டு அதிகாரி ஒருவரை மட்டும் உட்கார வைத்த பிரஸ் மீட்டில் கேமராக்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது அனுப்பக் கூடாது என்று தெரிவதும் இந்த வேலைதான். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி மாதிரி நாட்களில் பத்திரிகைக்கு விடுமுறை, மறுநாள் பேப்பர் வராது, ஆகவே அன்றைக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லை. பிளஸ் டூ ரிசல்ட் நாள், பட்ஜெட் நாள், இதெல்லாம் சின்னச் செய்திக்கு இடமே இல்லாத நாட்கள். ஆனால் நான் நிஜமாகக் கற்றுக்கொண்டது 2015 டிசம்பர் முதல் வாரத்தில். வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கிளையன்ட்டின் புது மாடல் அறிமுகம் அந்த வாரம் முடிவாகியிருந்தது. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு பெருகி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவே இல்லை, மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. இந்த நிலையில் வெளியூரிலிருந்த கிளையன்ட்டின் ஆபீஸ், ரிலீஸை மெயிலிலாவது அனுப்பிவிடுங்கள், தேதி ஏற்கனவே முடிவானது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். நிருபர்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, அவர்களுக்கு மிக்ஸி பற்றி மெயில் அனுப்பும் கம்பெனியின் பெயர் ஜென்மத்துக்கும் மறக்காது என்று போனில் விளக்கினார். அந்த ஒரு வாரம் நாங்கள் எந்த ரிலீஸும் அனுப்பவில்லை. இரவு நேர டயாலிசிஸ் பிரிவு வைத்திருந்த அந்த மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, எந்தப் பக்கமாக வந்தால் உள்ளே வர முடியும் என்ற விவரத்தை மட்டும் எடுத்து நிருபர்களுக்குச் செய்தியாக அனுப்பினோம். கேட்டு வாங்கிப் போட்டார்கள்.

இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. 1906 அக்டோபர் 28, அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை ரயில் கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதுதான் வழக்கம். முன்னால் பத்திரிகையில் வேலை பார்த்த ஐவி லீ என்பவர், கம்பெனி சார்பில் நடந்ததை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்து, அவர்களைச் சம்பவ இடத்துக்கே வரவழைத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள், நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. முன்னணி, பெருமை எல்லாம் எழுதியிருந்தால் அச்சிட்டிருப்பார்களா?

மாதக் கடைசியில் ரிப்போர்ட் போடச் சொல்வார்கள். கட்டிங்கை ஸ்கேல் வைத்து அளந்து, எத்தனை 'காலம் சென்டிமீட்டர்' (பேப்பரின் ஒரு பத்தி அகலத்தில் எத்தனை சென்டிமீட்டர் உயரம்), அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு, அதை மூன்றால் பெருக்கி "இவ்வளவு லட்சம் மதிப்பு" என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய இந்தத் துறைக்காரர்களே விளம்பரக் கட்டணத்தை வைத்து மக்கள் தொடர்பின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆபீஸ் கேட்டால் அளந்து கொடுங்கள், கூடவே ஒரு பத்தி நீங்களாகச் சேருங்கள்: அந்தச் செய்தியைப் பார்த்து எத்தனை பேர் போன் செய்தார்கள், என்ன கேட்டார்கள். டயாலிசிஸ் செய்திக்கு அந்த மருத்துவமனை வரவேற்பறையில் இருந்த பெண்ணிடம் கேட்டு அதை எழுதினேன். கிளையன்ட் அந்தப் பத்தியைத்தான் முதலில் படித்தார்.

கவர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். நிருபருக்கு உறையில் பணம் வைத்துக் கொடுக்கச் சொன்னால், இன்டர்ன் என்ற பெயரில் அதை உங்கள் கையில் திணித்தால், செய்யாதீர்கள். மாட்டேன் என்று சொன்னதற்காக வேலை போனால் போகட்டும், அந்த ஆபீஸில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அதே மாதிரி, சேரும்போதே ஸ்டைபண்ட் எவ்வளவு என்று கேளுங்கள். எனக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள், ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது. சம்பளமே இல்லாமல் ஆறு மாதம் உழைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியது அச்சில் வந்தால் நீங்கள் அனுப்பிய தாளையும் வந்த கட்டிங்கையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டை விட அது பேசும்.

தர்மபுரிப் பெண்ணுக்கு இந்தத் திங்கட்கிழமை முதல் குறிப்பைக் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான கண் பரிசோதனை முகாம், சின்னச் செய்திதான். போர்டில் எழுதியிருப்பது தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு வருஷம் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதிய ஒரு மாணவனைப் பற்றி, முகாம் நடத்தும் டாக்டரிடம் கேட்டு வாங்கிவந்து முதலில் வைத்திருந்தாள், பெயர் போடாமல். புதன்கிழமை காலை நான் வரும் முன்பே பேப்பரை மேஜையில் விரித்து, பக்கத்தில் அவள் அனுப்பிய தாளை வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வாக்கியமும் அப்படியே வந்திருந்தன.

"அக்கா, மூணாவது வரியை மட்டும் ஏன் வெட்டிட்டாங்க?"

சத்தமாகப் படிக்கச் சொன்னேன். கிளையன்ட் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் பெருமிதம் அடைவதாக அவள் எழுதியிருந்த வரி. பாதி படிக்கும்போதே நிறுத்திவிட்டு, பென்சிலை எடுத்துத் தாளில் அந்த வரியை அடித்தாள்.